சோம்பல் முறிக்கும்போது கீழ்முதுகில் நெட்டி முறிவது ஏன்?

முப்பது வயதைக் கடந்தவர், நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை செய்பவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. காலையில் மல்லாந்து படுத்தபடியே ஒரு காலை மடக்கி மறுபக்கம் சாய்த்தால் அவருடைய கீழ்முதுகில் வரிசையாக இரண்டு மூன்று நெட்டிகள் முறிகின்றன. வலி எதுவும் இல்லை. முறிந்தபின் இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் உள்ளவர்கள் எலும்பு தேய்ந்துபோகும் என்று பயமுறுத்துகிறார்கள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, பழக்கத்தை விட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறார். இயன்முறை சிகிச்சையாளராக இதே கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்வதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலியோ மரத்துப்போதலோ இல்லாமல், உங்கள் சொந்த அசைவில் தானாக முறியும் நெட்டியால் எலும்பு தேய்வதில்லை. எதுவும் இடம்விட்டு விலகுவதில்லை. விலகியிருந்த ஏதோ ஒன்று திரும்ப வந்து பொருந்துவதும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரில் ஒரு வாயுக்குழி தோன்றுவதை ஒட்டி எழும் ஓசை அது. அந்த ஓசைக்கும் உங்களுக்குக் கிடைக்கும் நிம்மதிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட மிகவும் மெல்லியது. இந்த இரண்டாவது செய்தியைத்தான் முக்கியமானதாகக் கருதுகிறேன், ஏனென்றால் நெட்டியால் வரும் தொல்லைகள் பெரும்பாலும் அந்தச் சத்தத்தைத் தேடி ஓடுவதால் வருபவை.

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மூன்று இணைப்புகள் உண்டு. முன்புறத்தில் இருப்பது டிஸ்க். நம் ஊரில் இதைத்தான் ஜவ்வு என்கிறோம். பின்புறத்தில் இடமும் வலமுமாக இரண்டு சிறிய மூட்டுகள் இருக்கின்றன; இவற்றுக்கு ஃபேசெட் மூட்டுகள் என்று பெயர். முதுகில் நெட்டி முறிந்தால் பலரும் ஜவ்வுதான் நகர்ந்துவிட்டது என்று அஞ்சுகிறார்கள். ஆனால் ஜவ்வு என்பது நார்வளையங்களால் சுற்றப்பட்ட, நடுவில் கூழ் போன்ற பொருளைக் கொண்ட ஒரு திண்மையான அமைப்பு. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது உறுதியாக ஒட்டியிருக்கிறது. இரு எலும்புகள் வழுக்கி நகர்வதற்கான இடைவெளியோ அந்த இடைவெளியில் நிற்கும் நீரோ அதில் இல்லை. ஃபேசெட் மூட்டு அப்படியல்ல. முழங்காலையும் விரல் கணுவையும் போல அதுவும் ஒரு முழுமையான மூட்டு: எலும்பு முனைகளின் மேல் குருத்தெலும்புப் பூச்சு, அவற்றைச் சுற்றி ஓர் உறை, உறைக்குள் சைனோவியல் திரவம் என்னும் மூட்டுநீர். அளவில்தான் சிறியது. அதன் முகப்பு ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். உறைக்குள் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிலிட்டர் திரவம்தான் கொள்ளும். நெட்டி முறிவது இந்த இடத்தில்.

மூட்டுநீரில் சாதாரண நிலையிலேயே வாயுக்கள் கரைந்திருக்கின்றன. இரு குருத்தெலும்பு முகங்களும் மிக மெல்லிய நீர்ப்படலத்தின் குறுக்கே நெருங்கி நிற்கின்றன. நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டு நேராக மேல்நோக்கிப் பிரித்துப் பாருங்கள். முதலில் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று விடும். மூட்டிலும் அப்படித்தான். நீங்கள் உடலை முறுக்கும்போது உறை இழுபடுகிறது, முகங்கள் விலக முயல்கின்றன, ஆனால் இடையிலுள்ள நீர் அவற்றை விடுவதில்லை. இடைவெளியின் கொள்ளளவு கூடப் பார்க்கிறது. அதை நிரப்பத் திரவம் போதவில்லை. ஆகவே உள்ளழுத்தம் சரசரவென்று இறங்குகிறது. அழுத்தம் போதுமான அளவு இறங்கியதும் கரைந்திருந்த வாயு பிரிந்து வந்து ஒரு குழியை உண்டாக்குகிறது, மூட்டு முகங்கள் ஒரே துள்ளலில் விலகுகின்றன, ஓசை எழுகிறது. இந்த விலகல் கீழ்முதுகு மூட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளியே கேட்கும் சத்தத்தை வைத்து உள்ளே ஏதோ பெரிய இடமாற்றம் நடந்துவிட்டதாக நினைப்பவர்கள் இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஓசை எழுவது சரியாக எந்தக் கணத்தில் என்பதில் அறிவியலாளர்களிடையே நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. 1947இல் லண்டனில் ராஸ்டன், ஹெய்ன்ஸ் என்னும் இருவர் விரலைப் படிப்படியாக இழுத்து எக்ஸ்ரே படமெடுத்து, நெட்டி முறியும் கணத்தில் மூட்டு இடைவெளி திடீரென்று கூடுவதைக் காட்டினார்கள். குழி உருவாவதே ஓசைக்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. 1971இல் அன்ஸ்வொர்த், டௌசன், ரைட் ஆகிய மூவரும் அதற்கு மாறாக, உருவான குமிழி உடைந்து சுருங்குவதால்தான் ஓசை எழுகிறது என்று வாதிட்டார்கள். பிரிந்து வரும் வாயுவில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு என்பதும் அவர்களின் முடிவு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த விளக்கமே பாடநூல்களில் நிலைத்திருந்தது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவரின் பத்து விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து இழுத்து, நெட்டி முறிவதை ஓடும் படமாகவே எடுத்தார்கள். ஓசை எழும்போது குழி உருவாவது தெரிந்தது. ஓசைக்குப் பிறகும் அந்தக் குழி மறையாமல் நின்றது. குமிழி முற்றாக உடைவதுதான் ஓசை என்றால் அது நின்றிருக்கக் கூடாது. ஆனால் 2018இல் சந்திரன் சுஜா, பரகத் ஆகியோர் வெளியிட்ட கணித மாதிரி, குமிழி முழுவதும் உடைய வேண்டியதில்லை, ஓரளவு சுருங்கினாலே அந்த ஓசையை உண்டாக்கப் போதும் என்று காட்டி, இரண்டு தரப்புக்கும் இடமுள்ள ஒரு வழியைத் திறந்துவிட்டது. நிகழ்ச்சி முழுவதும் மூன்றில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுவதால், எந்தப் படக்கருவிக்கும் இது எளிதில் பிடிபடுவதில்லை. உங்கள் கேள்வியைப் பொறுத்தவரை, உருவாவதா சுருங்குவதா என்பது இரண்டாம்பட்சம். எலும்போடு எலும்பு உரசுவது காரணமல்ல என்பதில் எல்லாத் தரப்பும் ஒன்றுபடுகின்றன.

ஒருமுறை முறிந்த நெட்டி உடனே மறுபடி முறியாது என்பதும் இதனால்தான். வெளிவந்த வாயு மீண்டும் திரவத்தில் கரைய நேரம் பிடிக்கிறது. விரல் மூட்டில் இதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆகிறது. கீழ்முதுகில் அது இன்னும் கூடுதல். 2008இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 40 முதல் 95 நிமிடம் வரை ஆயிற்று. உங்கள் முதுகில் வரும் சத்தம் எந்த வகை என்று அறிய வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையும் இதில் இருக்கிறது. ஒருமுறை முறுக்கியபின் ஐந்து நிமிடம் கழித்து அதே அசைவை அதே வேகத்தில் செய்து பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால் அது வாயு நெட்டி. ஒவ்வொரு முறையும் தவறாமல் அதே இடத்தில் வருகிறது என்றால் காரணம் வேறு.

அந்த வேறு காரணங்களில் முதலாவது தசைநாண். இடுப்பின் முன்புறமாக இறங்கும் இலியோசோயாஸ் என்னும் பெரிய தசையின் நாண், காலை மடக்கி நீட்டும்போது இடுப்பெலும்பின் ஒரு மேட்டின் மேல் ஏறி இறங்கி 'டொக்' என்று ஒலிக்கும். நடனம் ஆடுபவர்களிடம் இது மிகச் சாதாரணம். தொடையின் வெளிப்புறத்தில் உள்ள தடித்த நார்ப்பட்டையும் தொடையெலும்பின் மேட்டில் இப்படியே உரசி ஒலிக்கும். இவை இடுப்பு மூட்டுப் பக்கம் எழும் ஓசைகள். ஆனால் எலும்புகள் வழியாக அதிர்வு பரவுவதால் கீழ்முதுகில் கேட்பதுபோல் தோன்றும். காலை அசைக்கும்போது தொடையிடுக்கில் கையை வைத்துப் பார்த்தால் நாண் துள்ளுவது விரலுக்கே தெரியும். இரண்டாவது, குருத்தெலும்பு சொரசொரப்பாகிவிட்ட மூட்டுகளில் வரும் நறநறப்பு. இது ஒற்றை ஓசையாக இல்லாமல் அசைவு முழுவதும் தொடர்ந்து வரும். வயது ஏறியவர்களின் முழங்காலில் கைவைத்தால் உணரப்படுவது இதுதான். வலியில்லாத நறநறப்புக்கும் சிகிச்சை எதுவும் தேவையில்லை. முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் சேக்ரோ இலியாக் மூட்டிலிருந்தும் எப்போதாவது ஓசை வரலாம். ஆனால் அந்த மூட்டு ஒரு சில பாகைகளுக்கு மேல் அசைவதே இல்லை.

இனி, நீங்கள் சொன்ன அந்த அசைவையே எடுத்துக்கொள்வோம். மல்லாந்து படுத்து, தோள்கள் இரண்டும் படுக்கையில் படிந்திருக்க, வலது முழங்காலை மடக்கி இடப்பக்கமாகச் சாய்க்கிறீர்கள். இடுப்புக்கூடு இடப்பக்கம் உருள்கிறது. மார்புக்கூடு அப்படியே நிற்கிறது. இடையிலுள்ள முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொள்கின்றன. அப்போது இடப்பக்க ஃபேசெட் மூட்டுகள் ஒன்றோடொன்று நெருக்குண்டு அதற்குமேல் திரும்பவிடாமல் தடுக்கின்றன. தூக்கிய காலின் பக்கமான வலப்புறத்தில் மூட்டுகள் திறக்கின்றன. நெட்டி பெரும்பாலும் முறிவது இப்படித் திறக்கும் பக்கத்தில்தான். முதுகெலும்பைக் கையால் தள்ளி அசைக்கும் சிகிச்சையின்போது ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுக்கப்பட்ட எம்ஆர்ஐ படங்களும், முதுகில் ஒட்டிய அதிர்வுமானிகளும் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. மூட்டுகள் தனித்தனி அறைகளாக இருப்பதால் ஒவ்வொன்றும் தனக்கான இழுவிசை எட்டியதும் முறிகிறது. அதனால்தான் உங்களுக்கு ஒன்றாக இல்லாமல் வரிசையாகக் கேட்கிறது.

இதில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. கீழ்முதுகு முள்ளெலும்புகள் முறுக்குவதற்காக அமைந்தவை அல்ல. ஃபேசெட் மூட்டுகளின் முகங்கள் அங்கே நெட்டுவாக்கில், ஒன்றையொன்று பக்கவாட்டில் பார்த்தபடி நிற்பதால், முன்னால் குனிவதும் பின்னால் வளைவதும் எளிது, திரும்புவது கடினம். ஓர் இணைப்புக்கு ஒரு பக்கம் சுமார் 2 பாகைதான் திரும்ப முடியும். நாம் உடலைத் திருப்புவதாக உணரும்போது உண்மையில் திரும்புவது மார்புப் பகுதி முதுகெலும்பும் இடுப்பு மூட்டுகளுமே. ஆகவே கீழ்முதுகில் கேட்டதாக நீங்கள் நினைக்கும் நெட்டி அதற்கு மேலேயே முறிந்திருக்கக்கூடும். பயிற்சி பெற்ற கைகளே இதில் தவறுகின்றன. 2004இல் கனடாவில் ராஸ், பெரஸ்னிக், மெக்கில் ஆகியோர் நடத்திய ஆய்வில், முதுகெலும்பைக் கையாளும் சிகிச்சையாளர்கள் குறிவைத்த மூட்டுக்கும் உண்மையில் ஒலித்த மூட்டுக்கும் கீழ்முதுகில் சராசரியாக 5 சென்டிமீட்டருக்கும் மேல் வித்தியாசம் இருந்தது. அதாவது குறைந்தது ஒரு முள்ளெலும்பாவது தள்ளி. ஒரே தள்ளலில் பல மூட்டுகள் முறிவதும் வழக்கமாக இருந்தது. இந்த நான்காவது எலும்பு விலகியிருந்தது, அதைச் சரியாக உட்காரவைத்துவிட்டேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தப் பேச்சுக்கு இந்த அளவீடுகளில் ஆதாரம் இல்லை.

அப்படியானால் நிம்மதி எங்கிருந்து வருகிறது? வருவது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஃபேசெட் மூட்டின் உறையில் இழுவையையும் அசைவையும் மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன. பல மணி நேரம் ஒரே நிலையில் அமர்ந்தபின் உறையும் அதையொட்டிய குறுந்தசைகளும் நீளும்போது, தசைகளின் இறுக்கம் சற்று நேரம் தளர்கிறது; வலி உணர்வும் சற்று மங்குகிறது. இந்த இதத்தைத் தருவது நீட்சியும் அசைவும். சத்தம் அவற்றோடு சேர்ந்து வருவதால் நன்மை முழுவதும் அதன் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. கீழ்முதுகு வலியுள்ள 70 பேருக்கு முதுகெலும்பைக் கையாளும் சிகிச்சை அளித்து, ஃப்ளின் என்பவரின் குழு 2006இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேரான சான்று: நெட்டி முறிந்தவர்களுக்கும் முறியாதவர்களுக்கும் வலி குறைவதில் வேறுபாடு காணப்படவில்லை. நீட்டியபோது சத்தம் வரவில்லை என்பதற்காக நீட்டியது வீண் என்று எண்ண வேண்டாம்.

வாயு என்ற சொல்லைப் பயன்படுத்தியதால் இதையும் தெளிவுபடுத்த வேண்டும். இடுப்பில் பிடித்துக்கொண்டால் வாயுப்பிடிப்பு என்று சொல்லி, உருளைக்கிழங்கையும் கடலைப்பருப்பையும் நிறுத்தி, பூண்டைச் சுட்டுத் தின்னும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. குடலில் உண்டாகும் வாயு மூட்டுக்குப் போவதில்லை. மூட்டுநீரில் கரைந்திருக்கும் வாயு இரத்தத்திலிருந்தும் சுற்றியுள்ள திசுக்களிலிருந்தும் வருவது. உணவை மாற்றுவதால் நெட்டி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஸ்கேன் அறிக்கையில் சில சமயம் ஜவ்வில் வாயு தெரிவதாக எழுதியிருக்கும். அது வேறு நிகழ்ச்சி. வயதால் வறண்டு பிளவு விட்ட ஜவ்வின் இடைவெளியில் பெரும்பாலும் நைட்ரஜன் சேர்வதையே அப்படிக் குறிக்கிறார்கள். அது முதுமையின் அடையாளங்களில் ஒன்று. நெட்டி முறித்ததன் விளைவு அல்ல.

தேய்மானம் என்ற சொல்லும் இப்படியே மக்களை வதைக்கிறது. முதுகில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டின் ஒரு பெரிய மீளாய்வில், 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு ஜவ்வுச் சிதைவின் அடையாளம் இருந்தது. 80 வயதினரில் அது 96 விழுக்காடு. வலியே இல்லாத மனிதர்களின் கணக்கு இது. ஆகவே எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது, நானோ முதுகை முறுக்கும் பழக்கமுள்ளவன், எனவே முறுக்கியதால் தேய்ந்தது என்று முடிச்சுப் போடுவது பிழை.

நெட்டி முறிப்பதால் மூட்டுவாதம் வருமா என்பது விரல்களில்தான் நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டொனால்டு அங்கர் என்னும் மருத்துவர், சிறுவயதில் தாயும் அத்தைமார்களும் எச்சரித்ததைச் சோதிப்பதற்காக, ஐம்பது ஆண்டுகள் இடதுகை விரல்களை மட்டும் நாளுக்கு இருமுறையாவது முறித்து, வலதுகையைத் தொடாமல் விட்டார். குறைந்தது 36,500 தடவை முறித்தபிறகும் இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998இல் எழுதினார். 2009இல் இதற்காக அவருக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. ஒரே மனிதரின் சோதனை என்பதால் அது மட்டும் போதாது. 2011இல் 215 பேரின் கை எக்ஸ்ரேக்களை ஒப்பிட்ட ஆய்விலும், விரல் முறிக்கும் பழக்கம் உள்ளவர்களில் 18.1 விழுக்காட்டினருக்கும் இல்லாதவர்களில் 21.5 விழுக்காட்டினருக்கும் மூட்டுத் தேய்வு இருந்தது. இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதல்ல. இதற்கு மாறான குரலும் உண்டு: 1990இல் 300 பேரைப் பார்த்த ஓர் ஆய்வு, பழக்கமாக முறிப்பவர்களிடம் கைவீக்கமும் பிடிவலுக் குறைவும் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது, ஆனால் அவர்களிடமும் மூட்டுவாதம் கூடுதலாக இல்லை. பின்னர் 2017இல் அல்ட்ராசவுண்டு கொண்டு 400 விரல் மூட்டுகளைப் பார்த்தவர்கள் அந்த வீக்கத்தையும் காணவில்லை. விரலுக்குக் கிடைத்த விடையை எழுத்துக்கு எழுத்து முதுகுக்கு எடுத்துச்செல்ல மாட்டேன், முதுகு சுமை தாங்கும் இடம். ஆனாலும் மூட்டின் வகை ஒன்றே, ஓசையின் காரணமும் ஒன்றே. குழந்தைக்குத் திருஷ்டி கழித்து நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறித்த பாட்டிகள் யாரும் அதனால் விரல் கோணிப்போனதில்லை.

எனக்குக் கவலை தருவது பழக்கத்தின் போக்குதான். தையல் எந்திரத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ஓர் இளைஞர் என்னிடம் வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியின் முதுகைப் பிடித்து இடப்பக்கம் ஒரு முறுக்கு, வலப்பக்கம் ஒரு முறுக்கு. சத்தம் வராவிட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் விசையாக ஓர் உதறல். அரைமணிக்கு ஒருமுறை இப்படிச் செய்யாவிட்டால் வேலையே ஓடாது என்றார். வாயு கரைந்து முடிவதற்கு முன்பே அடுத்த நெட்டியைத் தேடியதால் ஒவ்வொரு முறையும் கூடுதல் விசை தேவைப்பட்டது. சோதித்துப் பார்த்தபோது, எளிதாக அசையும் ஓரிரு மூட்டுகளே மீண்டும் மீண்டும் இழுபட்டன. உண்மையில் இறுகியிருந்த இடுப்பு மூட்டுகளும் மார்புப் பகுதி முதுகும் அசையாமலேயே கிடந்தன. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, இடுப்பை அசைக்காமல் மேலுடம்பை மட்டும் திருப்பச் சொன்னபோது இரு பக்கமும் கொஞ்சமே திரும்பினார். குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்கிக் காலை உட்புறமாகச் சுழற்றியபோது இடுப்பு மூட்டும் பாதியில் நின்றுவிட்டது. முறுக்குவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் அவரால் முடிந்திராது. இருக்கையை உயர்த்தி, மணிக்கொருமுறை எழுந்து நடக்கவைத்து, இடுப்பையும் மார்பையும் தளர்த்தும் பயிற்சிகளோடு வயிற்றுத் தசைகளையும் பிட்டத் தசைகளையும் வலுப்படுத்தும் பயிற்சிகளைக் கொடுத்தேன். சில வாரங்களில் அந்த அரிப்பு தானாகக் குறைந்தது. முறுக்கவேண்டும் என்ற உந்துதல் பெரும்பாலும் ஒரே இடத்தில் நெடுநேரம் அசையாமல் இருந்ததற்கு உடல் தெரிவிக்கும் எதிர்ப்பு.

மூட்டுகள் இயல்பிலேயே தளர்ந்தவர்களுக்கு மட்டும் வேறுவிதமாகச் சொல்வேன். கட்டைவிரல் முன்கையைத் தொடும் அளவுக்கு வளைபவர்கள், முழங்காலை மடக்காமல் உள்ளங்கைகளைத் தரையில் பதிப்பவர்கள் ஆகியோருக்கு நெட்டி எளிதாகவும் அடிக்கடியும் முறியும். இவர்களுக்குத் தேவை மேலும் நீட்சியல்ல, தசை வலு. கர்ப்ப காலத்திலும் தசைநார்கள் தளர்வதால், விசையோடு முறுக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

நீங்களே மெதுவாக முறிப்பதும் பிறர் உங்கள் முதுகை முறிப்பதும் ஒன்றல்ல. உங்கள் அசைவில் வலி தொடங்கும் இடத்தில் உங்கள் தசைகளே தடுத்துவிடும். அடுத்தவர் கைக்கு அந்தத் தடை தெரியாது. இடுப்பு வலித்தால் பேரக்குழந்தையை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும், கால் முதலில் வெளிவரப் பிறந்தவர் உதைத்தால் பிடிப்பு விடும் என்று தேடிப் போவதும் இன்றும் நடக்கின்றன. எலும்புப்புரை உள்ள வயதான பெண்களுக்கு இது உண்மையான ஆபத்து. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன ஒருவரின் முள்ளெலும்பு, வெளியே எந்த அறிகுறியும் காட்டாமலேயே, குனிந்து குடத்தைத் தூக்கினால் நொறுங்கும் அளவுக்கு வலுவிழந்திருக்கலாம். நீண்டகாலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களுக்கும் இதே நிலைதான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திடீரென்று திருப்பி நெட்டி எடுப்பதற்கும் நான் ஒருபோதும் இசைய மாட்டேன். கழுத்து முள்ளெலும்புகளின் ஊடாக மூளைக்குப் போகும் தமனிகள் செல்கின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் ஒரு சத்தத்துக்காக அந்த விலையைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைச் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதோடு வருபவற்றை வைத்து முடிவு செய்யுங்கள். ஓசை எழுந்த அதே கணத்தில் கூர்மையான வலி வெட்டியது, அல்லது வலி பிட்டத்தைத் தாண்டிக் காலில் இறங்கியது என்றால் காட்டிக்கொள்ள வேண்டும். பதின்பருவத்தில் வேகப்பந்து வீசுபவர்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் பயில்பவர்கள் ஆகியோருக்குப் பின்னால் வளையும்போது ஒரு பக்கம் மட்டும் வலித்தால், ஐந்தாவது முள்ளெலும்பின் பின்வளைவில் நுண்முறிவு இருக்கலாம். அதைச் சுளுக்கு என்று நினைத்து முறுக்கிக்கொண்டே இருந்தால் முறிவு ஆறாது. நாற்பத்தைந்து வயதுக்குள் தொடங்கி மூன்று மாதங்களைத் தாண்டிய வலி, காலையில் எழுந்ததும் அரைமணிக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறையும் தன்மை ஆகியவை சேர்ந்து இருந்தால் முதுகெலும்பு அழற்சி நோயா என்று வாதநோய் மருத்துவர் பார்க்க வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, விழுந்து அடிபட்டபின் வந்த வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. பிறப்புறுப்பையும் மலவாயையும் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது அறியாமல் கசிவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இரவு என்றும் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் கீழே இறங்கும் நரம்புக்கற்றை நசுங்கும்போது மணிக்கணக்கே முக்கியம்.

இவை எதுவும் உங்களிடம் இல்லை என்பதால், காலைப் பழக்கத்தை விடத் தேவையில்லை. செய்யும் விதத்தை மட்டும் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது ஜவ்வுகள் நீரை உறிஞ்சிச் சற்று உப்பியிருக்கும். விழித்த உடனே முழு விசையோடு முறுக்காமல், முதலில் இரு முழங்கால்களையும் மார்புக்குக் கொண்டுவந்து மெதுவாக ஆட்டுங்கள். பிறகு ஒரு காலைச் சாய்த்து, அடுத்த கையால் அதை அழுத்தித் தள்ளாமல், காலின் சொந்த எடையிலேயே இறங்க விட்டு, நான்கைந்து மூச்சு எடுக்கும் நேரம் அப்படியே இருங்கள். அதற்குள் நெட்டி முறிந்தால் முறியட்டும். முறியாவிட்டால் மறுபக்கம் மாற்றிவிட்டு எழுந்துவிடுங்கள். அலுவலகத்தில் மணிக்கொருமுறை தண்ணீர் எடுக்கவாவது எழுந்து நடந்தால், மாலையில் நாற்காலியைப் பிடித்து முறுக்கும் தேவை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.